விலை தெரியாமல் விற்கும் இலை

காப்பிப் பொடி விலை ஏறினால் நம் வீடுகளில் ஒரு சிறிய பட்ஜெட் கூட்டமே நடந்துவிடுகிறது. 2024-ஆம் வருஷம் முழுவதும் ஏறிக்கொண்டே போன விலை, 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அப்போது எத்தனையோ குடும்பங்களில் இரண்டாம் டிகாக்ஷன் மூன்றாம் டிகாக்ஷனாகியிருக்கும். வந்த விருந்தாளியிடம், "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "மோர் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும் வழக்கமும் ஏற்பட்டிருக்கலாம். அந்தக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறோமே, இதெல்லாம் யாருக்குப் போகிறது? காப்பி பயிரிடுகிற அந்த ஏழைக்காவது போய்ச் சேருகிறதா?"

நியாயமான கேள்விதான். பிரேஸிலில் மழை பொய்த்தது; வியட்நாமிலும் வறட்சி. அங்கே விளைச்சல் குறைந்ததால் உலகமெங்கும் விலை ஏறியது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு நமது மலைகளில் ஓரிரண்டு ஏக்கர் காப்பி வைத்திருக்கும் விவசாயிக்கும் கிடைக்கத்தான் செய்தது. நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலும், கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் சமவெளிக்கு இறங்கும் சரிவுகளிலும் இப்படிப்பட்ட சிறு காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. இருளர், குறும்பர் முதலிய ஆதிவாசிக் குடும்பங்களும் பலா மர நிழலில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் காப்பிச் செடி வளர்க்கிறார்கள். அவர்களுக்கும் தொல்லைகள் இல்லாமல் இல்லை. பங்குனி, சித்திரையில் பெய்ய வேண்டிய பூ மழை தவறினால் காய் பிடிப்பதில்லை. பழம் பறித்து முற்றத்தில் உலர்த்தும் சமயத்தில் வேண்டாத மழை வந்து பூசணம் பூக்கிறது. தண்டைத் துளைக்கும் புழு வேறு.

ஆனால் காப்பிக்காரருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பழத்தைப் பறித்து உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்துவிட்டால் அது காத்திருக்கும். "இன்றைக்கு விலை சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று வியாபாரியைத் திருப்பி அனுப்ப அவரால் முடியும். கடன்காரன் வாசலில் நிற்கவில்லையானால் இன்னும் இரண்டு மாதம்கூடப் பொறுக்கலாம்.

அதே மாவட்டத்தில், அதே மலையில், இன்னும் இரண்டாயிரம் அடி மேலே ஏறினால் அந்தச் சௌகரியம் இல்லாத விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் பயிரிடுவது தேயிலை. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவலாஞ்சிச் சாலை

உதகமண்டலத்திலிருந்து அவலாஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். முத்தோரை பாலாடாவைத் தாண்டும்போது பள்ளத்தாக்கு முழுவதும் காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசுப் பாத்திகள் பச்சைச் சதுரங்கப் பலகைபோல் விரிந்து கிடக்கின்றன. நஞ்சநாடு கடந்து எமரால்டை நெருங்க நெருங்க, காய்கறி குறைந்து தேயிலை அதிகமாகிறது. இத்தலார், குந்தா, மஞ்சூர் என்று அந்தப் பக்கம் போகப் போக, கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். அவலாஞ்சியை அடைந்தால் சோலைக் காடும், அணையும், அணையில் தேங்கிய நீரில் தலைகீழாகத் தெரியும் மலையும்.

பெயரைக் கேட்டால் ஏதோ பூவின் பெயர் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது ஓர் ஆபத்தின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஒரு பெரிய மண்சரிவு ஏற்பட்டது. வெள்ளைக்காரர்கள் அதற்குத் தங்கள் பாஷையில் வைத்த சொல்லே நம் நாக்கில் புரண்டு அவலாஞ்சி ஆயிற்று. இந்த நூற்றாண்டிலும் மலை தன் பெயரை மறந்துவிடவில்லை. 2019 ஆகஸ்டு இரண்டாவது வாரத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாள் 91 சென்டிமீட்டர். சென்னைப் பட்டணத்துக்கு வருஷம் முழுவதும் சேர்த்துப் பெய்வதே ஏறக்குறைய 140 சென்டிமீட்டர்தான் என்று சொன்னால் அந்த இரண்டு நாட்களின் பயங்கரம் விளங்கும். எமரால்டு, அவலாஞ்சிப் பகுதியில் மலைச் சரிவுகள் வழிந்து இறங்கின, சாலைகள் துண்டிக்கப்பட்டன. நீலகிரியில் உயிர்ச் சேதமும் ஏற்பட்டது.

இங்கே காப்பி வராது. அரபிக்காச் செடி மூவாயிரம் அடியிலிருந்து ஐயாயிரம் அடி வரையில் சுகமாக வளரும். அவலாஞ்சியோ ஆறாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேலே. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி படியும். காப்பிச் செடிக்கு அது எமன். தேயிலை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இதே குந்தா மலைத்தொடரில் எண்ணாயிரம் அடி உயரத்தில்கூடத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது.

சாமையிலிருந்து தேயிலைக்கு

இந்த மலையில் தேயிலை துரைமார்களின் பயிராகத்தான் ஆரம்பித்தது. முதலில் அவர்கள் நம்பியிருந்ததும் காப்பியைத்தான். 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய இலைத் துரு நோய், சில வருஷங்களில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களையே நாசமாக்கிவிட்டது. தென்னிந்தியத் தோட்டங்களும் அடி வாங்கின. அதன் பிறகே தேயிலைக்கு யோகம் அடித்தது. மஞ்சூர்ப் பக்கத்தில் தையசோலை என்ற எஸ்டேட் அதற்கு முன்பே, 1859-லேயே தோன்றிவிட்டது. அபினி யுத்தத்தில் பிடிபட்ட சீனக் கைதிகளைக் கொண்டு வந்து அங்கே தேயிலை போட்டார்கள் என்று மலைவாசிகள் சொல்வது வழக்கம்.

படுகர்களுக்கு அந்தக் காலத்தில் தேயிலையோடு சம்பந்தமில்லை. தங்கள் அட்டிகளைச் சுற்றிச் சாமையும் கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள், எருமை வளர்த்தார்கள். பிறகு உருளைக்கிழங்கு வந்தது. மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்குக்கு இருந்த மதிப்பைப் பெரியவர்கள் சொல்லக் கேட்கவேண்டும்! ஆனால் கிழங்குக்கும் கேடு வந்தது. 1961-ல் நீலகிரி மண்ணில் தங்கநிற நூற்புழு என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வேரைப் பற்றிக்கொண்டால் கிழங்கு சுண்டைக்காயாகச் சூம்பிப் போகும். மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும், லேசில் போகாது.

அந்தச் சமயத்தில் தேயிலை ஒரு வரப்பிரசாதம்போல் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஒரு தடவை நட்டால் பேரன் காலம் வரையில் நிற்கும். வருஷத்தில் ஒரே அறுவடை என்றில்லாமல், பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொழுந்து கிள்ளலாம். மாதா மாதம் பணம். சரிவான நிலத்தில் மண்ணையும் பிடித்து வைக்கும். சர்க்காரும் உற்சாகப்படுத்தியது. 1962-ல் குந்தாவில் விவசாயிகளே அங்கத்தினர்களாகச் சேர்ந்து ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையை ஆரம்பித்தார்கள். அப்படி ஒன்றன்பின் ஒன்றாக இத்தலார், மஞ்சூர், கிண்ணக்கொரை, பிக்கட்டி என்று பதினாறு ஆலைகள் தோன்றின. அவற்றுக்கெல்லாம் தலைமைச் சங்கமாகக் குன்னூரில் 'இண்ட்கோசர்வ்' இருக்கிறது. சாமை விளைந்த மேடெல்லாம் சில பத்து வருஷங்களில் தேயிலையாகிவிட்டது. இப்போது நீலகிரியில் 45,000-க்கும் அதிகமான சிறு தேயிலை விவசாயிகள். சட்டப்படி 25 ஏக்கர் வரையில் சிறு விவசாயிதான். ஆனால் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டு ஏக்கருக்கு உள்ளேதான். அரை ஏக்கர்க்காரர்களும் ஏராளம்.

படுகர்கள் மட்டுமல்ல. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களும் இந்த மலைகளில் குடியேறின. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அந்தக் குடும்பங்களின் பெண்கள் இன்று படுகர் தோட்டங்களிலும் கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார்கள்.

மாலைக்குள் விற்றாக வேண்டும்

இனி விஷயத்துக்கு வருவோம்.

தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிய நிமிஷத்திலிருந்து அது வாட ஆரம்பிக்கிறது. சாக்கில் அழுத்தி வைத்தால் உள்ளே சூடு ஏறிச் சிவந்துபோகும். அன்று மாலைக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் என்றால் அதில் நல்ல தூள் வராது. வீட்டில் கொல்லைப்புறத்தில் உலர்த்தி வைக்கலாம் என்றால் அது தேயிலையாகாது, சருகாகும். வாட்டி, நசுக்கி, புளிக்கவிட்டு, உலர்த்தி, சலித்து எடுப்பதற்கு இயந்திரங்கள் வேண்டும். அந்த இயந்திரங்கள் ஆலையில் இருக்கின்றன.

ஆகவே விவசாயி தன் சரக்கைக் காட்டி, "இந்த விலை கொடுத்தால் தருவேன், இல்லாவிட்டால் எடுத்துப் போகிறேன்" என்று சொல்ல முடியாது. எடுத்துப்போய் என்ன செய்வது?

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. வேடிக்கை என்பது நமக்குத்தான். இன்றைக்குக் கொடுத்த இலைக்கு என்ன விலை என்பது இன்றைக்குத் தெரியாது! அந்த மாதத்தில் குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து, அதிலிருந்து கணக்குப் போட்டு, தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கான பச்சை இலையின் சராசரி விலையை அறிவிக்கும். அதாவது கார்த்திகையில் போட்ட இலைக்கு மார்கழியில்தான் விலை. வாசலில் வரும் கீரைக்காரியிடம் ஒரு மாதம் கீரை வாங்கிவிட்டு, "உன் கீரை மசியலுக்கு எங்கள் வீட்டில் எவ்வளவு மதிப்பு என்று பார்த்து அடுத்த மாதம் விலை சொல்கிறேன்" என்றால் அவள் என்ன சொல்வாள்? அதை எழுதினால் பத்திரிகையில் போட முடியாது.

கணக்கு இப்படிப் போகிறது. ஏலத்தில் கிடைத்த தொகையில் 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு தூளாக்கியவருக்கு என்பது ஏற்பாடு. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். தூள் 100 ரூபாய்க்கு ஏலம் போனால் 65 ரூபாய் விவசாயிக்கு. அதை நாலேகால் கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய்.

பதினைந்து ரூபாயில் ஒரு குடும்பம் நடக்குமா? ஒரு கணக்குக்காக, ஓர் ஏக்கரில் வருஷத்துக்கு நாலாயிரம் கிலோ இலை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த வரும்படி அறுபதாயிரம். பறிப்புக் கூலி கிலோவுக்கு ஏழு ரூபாய் என்றால் இருபத்தெட்டாயிரம் போயிற்று. உரம், மருந்து, களை, கவாத்து, சாக்கைச் சுமந்து போகும் வண்டி என்று பதினாலாயிரம் வையுங்கள். மிச்சம் பதினெட்டாயிரம், மாதத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. அதில் பிள்ளையின் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டும், பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். குடும்பத்துப் பெண்களே இறங்கிப் பறித்தால் கூலி மிஞ்சும். ஆகவே இறங்குகிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: தோட்டத்தில் நாள் முழுவதும் நிற்பவள் பெண், பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். சங்கத்தின் அங்கத்தினர் அட்டையும் பட்டாவைப் பார்த்துத்தான் வருகிறது.

மாஸ்கோவில் விழுந்த இடி

நல்ல காலமும் இருந்தது. சோவியத் ரஷ்யா நமது தேயிலையை ரூபாய்க் கணக்கில் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்தது. நீலகிரித் தூளுக்கு அது பெரிய வாடிக்கை. தரம் முன்பின் இருந்தாலும் போய்க்கொண்டிருந்தது. 1991-ல் அந்த சாம்ராஜ்யமே கலைந்தது. பழைய வாடிக்கை சில வருஷம் தத்தித் தத்தி நடந்து, பிறகு அதுவும் தளர்ந்தது. 1998 வாக்கில் இரண்டு இலக்கத்தில் இருந்த பச்சை இலை விலை, 2000-க்குள் ஐந்து ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. எங்கோ மாஸ்கோவில் கொடி இறங்கியதற்கும் இத்தலாரில் ஒரு வீட்டில் நகை அடகுக்குப் போனதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுதான் சம்பந்தம். பல இளைஞர்கள் தோட்டத்தைப் பெற்றோரிடம் விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள். ஏறியவர்களில் அநேகர் திரும்பவில்லை.

அதன் விளைவை இன்று பார்க்கிறோம். பறிப்பதற்கு ஆள் இல்லை. வடக்கே ஜார்க்கண்டிலிருந்து வந்து பறிக்கிறார்கள். அப்படியும் போதாமல் கத்திரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கைவிரலால் கிள்ளினால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வரும். கத்திரியால் வெட்டினால் கொழுந்தோடு முற்றலும் காம்பும் சேர்ந்து வரும். ஒரு நாளில் பல மடங்கு வெட்டலாம், உண்மைதான். ஆனால் முற்றல் இலையில் நல்ல தூள் எப்படி வரும்?

இங்கே ஆரம்பிக்கிறது ஒரு பழைய வழக்கு. "இலை சரியில்லை, அதனால்தான் ஏலத்தில் விலை இல்லை" என்கிறார்கள் ஆலைக்காரர்கள். "நல்ல இலைக்கும் கெட்ட இலைக்கும் ஒரே சராசரி விலைதானே கொடுக்கிறீர்கள்? நாங்கள் மட்டும் எதற்காகக் கூலி அதிகம் கொடுத்துக் கிள்ளிக்கொண்டிருக்க வேண்டும்?" என்கிறார்கள் விவசாயிகள். மழைக் காலத்தில் ஈர இலைக்கென்று எடையில் கழிவு பிடிப்பது இந்தச் சண்டையில் ஒரு கிளைச் சண்டை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் ஆலைக்காரர் என்பதே நமது அபிப்பிராயம். தராசு அவர் கையில் இருக்கிறது. நல்ல இலைக்குக் கூட ஒரு ரூபாய் என்று அவர் வாசலில் எழுதிப் போட்டால், மறுநாளே கத்திரி பரணுக்குப் போய்விடும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் நாம் கேட்பது தூள் தேயிலை. 'கலர்' நன்றாக இறங்க வேண்டும். ஒரு கரண்டியில் எட்டு டம்ளர் வர வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, கழிவுத் தேயிலையில் சாயம் ஏற்றி நல்ல தூளோடு கலந்துவிடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூளைத் தூவிப் பாருங்கள். தூவிய உடனே சிவப்புக் கோடு கோடாக இறங்கினால் அது தேயிலையின் நிறமல்ல. நல்ல தூள் குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் நிறம் விடும்.

பனி, நோய், காட்டுமாடு

விலையோடு தொல்லை தீர்ந்தால் பரவாயில்லை. ஆடி, ஆவணியில் அவலாஞ்சிப் பக்கம் நாள் கணக்கில் வெயிலே தெரியாது. அப்போது கொப்புள நோய் வரும். 1946-ல் தென்னிந்தியாவுக்கு வந்த இந்தப் பூசணம், வேறு எதையும் விட்டுவிட்டு, விற்பனைக்குரிய அந்த இளம் கொழுந்தைத்தான் தேடிப் பிடிக்கும். மழை விடுகிற இடைவேளையில் மருந்து அடிக்க வேண்டும். அடித்த மருந்தை அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். பனிக் காலத்தில் ஒரே இராத்திரியில் தோட்டத்தின் தாழ்ந்த பகுதி கருகிவிடும். காய்ந்த புல்லையும் தழையையும் செடிமேல் போர்த்தி வைப்பார்கள். விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பார்கள். கருகிய செடி மறுபடி துளிர்க்க வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் ஆலைக்கு இலை கிடையாது. வீட்டுக்குப் பணமும் கிடையாது.

காட்டுமாடு தேயிலையைத் தின்பதில்லை. ஆனால் செடிகளுக்கு நடுவே அது நின்றுகொண்டிருந்தால் பறிக்கப் போனவள் என்ன செய்வாள்? ஒரு டன் கனமுள்ள பிராணியிடம் "கொஞ்சம் நகருங்கள்" என்று சொல்ல முடியுமா? கரடியும் சிறுத்தையும்கூட வருகின்றன. காடு சுருங்கியதால் வருகின்றன என்பது ஒரு கட்சி. ஆளில்லாமல் புதர் மண்டிய தோட்டங்கள் அவற்றுக்குத் தங்குமிடமாகிவிட்டன என்பது இன்னொரு கட்சி. இரண்டும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

உண்ணாவிரதம்

2023 செப்டம்பர் முதல் தேதி கோத்தகிரிப் பக்கத்தில் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் ஆரம்பித்தார்கள். ஊர் ஊராக முறை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர்களும், படுகர் சம்பிரதாயப்படி வெள்ளை முண்டு அணிந்த பெண்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பச்சை இலைக்குக் குறைந்தபட்ச விலையாகக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு.

எங்கிருந்து வந்தது இந்த எண்? மா. சா. சுவாமிநாதன் தலைமை வகித்த தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் ஒரு யோசனை சொல்லியிருந்தது. விளைபொருளுக்கு உற்பத்திச் செலவும், அந்தச் செலவில் பாதியும் சேர்த்து விலை கிடைக்க வேண்டும் என்பது அந்த யோசனை. அந்தக் கணக்கைத் தேயிலைக்குப் போட்டால் வருவதுதான் இந்தத் தொகை. நெல்லுக்கும் கோதுமைக்கும் மத்திய சர்க்கார் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. அந்தப் பட்டியலில் பச்சைத் தேயிலை இல்லை. தோட்டப் பயிர் என்றால் துரைமார் பயிர் என்ற பழைய எண்ணம் தில்லியில் இன்னும் போகவில்லை போலும். அரை ஏக்கர்க்காரரைத் துரை என்று யார் சொல்வது?

33 ரூபாய் 50 காசு கிடைக்கவில்லை. கூட்டுறவு ஆலைகளின் அங்கத்தினர்களுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஊக்கத் தொகை என்று மாநில சர்க்கார் அறிவித்தது. இரண்டு ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் முன்னே போட்ட கணக்கில் அதைச் சேர்த்துப் பாருங்கள். வருஷத்துக்கு எண்ணாயிரம் ரூபாய். பதினெட்டாயிரம் மிஞ்சுகிற வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. தனியார் ஆலைக்கு இலை போடுகிறவருக்கு அதுவும் இல்லை.

இலையைக் காத்திருக்க வைக்க முடியாது. ஆனால் தூளைக் காத்திருக்க வைக்கலாம் அல்லவா? அந்த வழியில் யோசிக்கிறவர்களும் தோன்றியிருக்கிறார்கள். பெரிய ஆலையை எதிர்பார்க்காமல், சிறு இயந்திரங்களை வைத்துக் குறைந்த அளவில் உயர்ந்த ரகத் தேயிலை செய்கிறார்கள். கட்டபெட்டுக்கு அருகில் 'டீ ஸ்டுடியோ' என்று ஒரு சிறு கூடம் இருக்கிறது. அங்கே வாட்டுவதும் சுருட்டுவதும் உலர்த்துவதும் அக்கம்பக்கத்துப் படுகப் பெண்கள்தான். அவர்கள் செய்யும் தேயிலை வெளிநாடுகளுக்குப் போகிறது. அங்கே கத்திரி இலைக்கு இடமில்லை. விரலால் கிள்ளிய கொழுந்துக்குச் சாதாரண விலையைவிட நல்ல விலை. 45,000 விவசாயிகளுக்கு இப்படி ஒன்றிரண்டு கூடங்கள் எந்த மூலைக்கு என்று கேட்கலாம். குந்தாவில் 1962-ல் கூட்டுறவு ஆலை கட்டியபோதும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

நம் கைக்கு எட்டிய வழி ஒன்று ரேஷன் கடையிலேயே இருக்கிறது. அங்கே 'ஊட்டி டீ' என்று ஒரு பாக்கெட் விற்கிறார்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன குந்தாவும் இத்தலாரும் கிண்ணக்கொரையும் அங்கம் வகிக்கும் இண்ட்கோசர்வ் சங்கத்தின் சரக்குத்தான் அது. பலபேர் ரேஷன் சரக்குதானே என்று அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாங்கியவர்களில் சிலர், தூளையும் பாலையும் சர்க்கரையையும் ஒன்றாகக் கொட்டிக் கால் மணி நேரம் கொதிக்கவைத்துவிட்டு, "மணமே இல்லை" என்று குறை சொல்கிறார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு, மூன்று நிமிஷம் மூடி வையுங்கள். வடிகட்டிய பிறகு சூடான பாலைச் சேருங்கள். பக்கத்தில் ஊட்டி வர்க்கி இருந்தால் இன்னும் விசேஷம்.